பாடி மூவிஸ்

மெக்சிகோவில் பிறந்த கலைஞர் ரஃபேல் லோசானோ-ஹெம்மர் வடிவமைத்த, பார்வையாளரே பங்கேற்கும் திறந்தவெளி நிழற்கலை அமைப்பு. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரச் சதுக்கமொன்றில் 2001இல் முதலில் இடம்பெற்றது.

தெருக்களில் எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் ஒளிப்படங்கள், சதுக்கத்தை ஒட்டிய திரையரங்கக் கட்டடத்தின் சுவரில் புரொஜெக்டர்கள் வழியே விழுந்தன. ஆனால் தரைமட்டத்தில் வைத்த சக்திவாய்ந்த செனான் விளக்குகளின் வெள்ளொளியில் அவை கண்ணுக்குத் தெரியா. நடுவே ஆள் நடந்தால், அவர் நிழலுக்குள் மட்டும் படம் துலங்கும். விளக்கருகே போனால் நிழல் சுமார் 25 மீட்டர் உயரும். சுவர்ப்பக்கம் நகர்ந்தால் 2 மீட்டராகச் சுருங்கும். ஒரு காட்சியின் எல்லாப் படங்களும் நிழல்களுக்குள் அகப்பட்டதைக் கேமரா கண்டதும், கணினி சுவரை இருளாக்கி அடுத்த தொகுதியைக் கொண்டுவரும்.

டச்சு ஓவியர் சாமுவேல் வான் ஹூக்ஸ்ட்ராட்டனின் 1678ஆம் ஆண்டு நூலிலுள்ள நிழல் நடனச் சித்திரமே இதற்குத் தூண்டுதல்.

படங்களைத் தேடிப்பிடிப்பதே ஆட்டத்தின் நோக்கம். மக்களோ அதைப் பெரிதாக மதிக்கவில்லை. பேருருவ நிழல் சிற்றுருவை உள்ளங்கையில் ஏந்தியது, மிதித்தது, கொஞ்சியது. முன்பின் அறியாதவர்கள் சேர்ந்து அங்கேயே கதை கட்டினார்கள். இந்தப் படைப்பின் வலுவும் அங்கேதான். பின்னர் லின்ஸ், லிவர்பூல், ஹாங்காங் முதலிய நகரங்களிலும் அமைக்கப்பட்டது.