குறைந்த பொருளில் நிறைந்த உலகம்: ‘டாக்டர் ஹூ’ தொடரின் தந்திரக் காட்சிகளும் மொழியும்

முன்னுரை

மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் தந்திரக் காட்சிகளைப் பேசுபொருளாகக் கொள்வது பொருந்துமோ என்னும் ஐயம் அன்பர் சிலர்க்கு எழலாம். காட்சியின் வரலாறு திரைக்கலை அறிஞர்க்கு உரியது, சொல்லின் வரலாறே மொழியியலார்க்கு உரியது என்று கருதுவாரும் உளர். ஆயினும், காட்டுவதற்குக் கையில் பொருள் இல்லாதபோது மனிதர் சொல்லையும் ஒலியையும் நாடுகின்றனர். அவ்விடத்தில் காட்சியின் வரலாறு மொழியின் வரலாற்றோடு வந்து கலந்துவிடுகிறது.

தெருக்கூத்தில் இருவர் பிடிக்கும் ஒரு திரையே அரண்மனை வாயில் ஆகிறது. கூத்தர் அரங்கை ஒருமுறை சுற்றிவந்தால் நெடும்பயணம் முடிந்துவிடுகிறது. காண்போர் எவரும் தேர் எங்கே, குதிரை எங்கே என்று கேட்பதில்லை. தொல்காப்பியர் உலகியல் வழக்கு என்றும் நாடக வழக்கு என்றும் இரண்டனைப் பிரித்துக் காட்டியதை நாம் அறிவோம். அந்த நாடக வழக்கு இருபதாம் நூற்றாண்டின் மின்னணுக் கருவிக்குள் புகுந்தபோது என்ன நேர்ந்தது என்பதே இவ்வுரையின் பொருள். அதற்குச் சான்றாகப் பிரிட்டனின் பிபிசி நிறுவனம் 1963 ஆம் ஆண்டு தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடரை எடுத்துக்கொள்கிறோம்.

பின்னணி

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் சிக்கனத் தந்திரத்துக்கு முன்னோடி ஒன்று உண்டு. 1953 ஆம் ஆண்டு நைஜல் நீல் எழுதிய ‘குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ நேரலையாக ஒளிபரப்பாயிற்று. அதன் இறுதியில் வெஸ்ட்மின்ஸ்டர் பெருந்தேவாலயத்துள் ஓர் அரக்க உரு தோன்றவேண்டும். தேவாலயத்தின் உட்புறப் படத்தைப் பெரிதாக்கி, அதில் துளையிட்டு, இலைதழை ஒட்டிய கையுறைகளை அணிந்த தம் கைகளை அத்துளை வழியே நுழைத்து அசைத்தவர் நூலாசிரியர் நீலே ஆவார். நாட்டினரை நடுங்கவைத்த அரக்கன் எழுதியவரின் இரு கைகளே. மறு ஆண்டு ஜாக் கைன், பெர்னார்டு வில்கி ஆகிய இருவரைக்கொண்டு காட்சித்தந்திரப் பிரிவு ஒன்று பிபிசியில் உருவாயிற்று.

‘டாக்டர் ஹூ’ பிறந்தபோது அப்பிரிவுக்குப் பணிச்சுமை மிகுந்திருந்தது. ஆகவே தொடக்க ஆண்டுகளில் தந்திரக் காட்சிகளின் பொறுப்பு பெரும்பாலும் அரங்க வடிவமைப்பாளர் மீதே விழுந்தது. பொருள்களைச் செய்துதரும் பணி வெளிப்பட்டறை ஒன்றுக்குச் சென்றது. தொடரைத் தூண்டியவர் நாடகத்துறைத் தலைவராயிருந்த கனடியர் சிட்னி நியூமன். தயாரிப்பாளர் 27 வயது நிறைந்திருந்த வெரிட்டி லாம்பர்ட். முதற்கதையின் இயக்குநர் லக்னோவில் பிறந்த வாரிஸ் உசேன். சனிக்கிழமை மாலை விளையாட்டு நிகழ்ச்சிக்கும் இசை நிகழ்ச்சிக்கும் இடையே, சிறுவரும் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் சேர்ந்து பார்க்கத்தக்கதொரு தொடர் வேண்டும் என்பதே நோக்கம். முதற்பகுதி 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பாயிற்று.

பகுதி ஒன்றுக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 2,300 பவுண்டு. படப்பதிவு நடந்த லைம் குரோவ் கூடம் இடுக்கமானது, பழையது. ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது அருமையாகவும் செலவு மிக்கதாகவும் இருந்த காலம் அது. எனவே ஏறத்தாழ 25 நிமிடப் பகுதி முழுவதும் ஒரே மாலையில், மேடை நாடகம் போலவே தொடர்ச்சியாக நடித்துப் பதிவாயிற்று. தவறு நேர்ந்தாலும் பெரும்பாலும் அப்படியே விடப்பட்டது.

எல்லையே கதையாதல்

இத்தொடரின் காலக்கலம் வெளியே காவல்துறையின் நீலநிறத் தொலைபேசிக் கூண்டு; உள்ளே பெரியதோர் அறை. அக்காலத்தில் லண்டன் தெருக்களில் நாளும் காணக்கூடிய எளிய பொருள் அக்கூண்டு. செல்லும் இடத்துக்கு ஏற்ப உருமாறும் ஆற்றல் கலத்துக்கு உண்டு என்பது கதை. ஆனால் வாரந்தோறும் புதிய வடிவம் செய்யப் பணம் ஏது? உருமாற்றும் பொறி பழுதாகிவிட்டது என்று ஒரு வசனம் சேர்த்தனர். அச்செலவு ஒரே வாக்கியத்தில் நீங்கியது. அவ்வாக்கியமோ தொடரின் நிலையான அடையாளம் ஆகிவிட்டது.

இதனினும் சிறந்த சான்று டாலெக் எனும் பகையினம். எழுதியவர் டெரி நேஷன். வடிவமைத்தவர் ரேமண்டு கியூசிக். வேற்றுலக உயிர் என்றால் மனிதன் ஒருவன் ஆடையணிந்து நடப்பதாகவே அதுகாறும் காட்டிவந்தனர். கால் தெரிந்தால் மனிதன் என்பது தெரிந்துவிடும் என்பதைக் கியூசிக் உணர்ந்தார். உள்ளே ஒருவர் அமர்ந்து காலால் உந்தி நகர்த்துமாறு சிறு சக்கரங்களின்மேல் ஒரு கூட்டினை அமைத்தார். கால் மறைந்தது, அதனோடு மனிதச் சாயலும் மறைந்தது. கைக்குப் பதிலாக அமைந்தது கழுவுதொட்டியின் அடைப்பை நீக்கும் ரப்பர்க் கிண்ணம்.

சக்கரம் வைத்த பொருள் மேடுபள்ளத்தில் ஓடாது. கூடத்தின் வழவழப்பான தரையே அதற்கு ஏற்றது. இக்குறையைக் கதை தன்னுள் ஏற்றுக்கொண்டது: டாலெக்குகள் தம் நகரின் உலோகத் தரையிலிருந்து மின்னாற்றல் பெறுவன, ஆகவே நகரைவிட்டு வெளியேற இயலாதன என்று கதை கூறிற்று. கதைமாந்தர் ஒரு டாலெக்கை மேலாடை ஒன்றின்மீது தள்ளித் தரையினின்று பிரித்துச் செயலிழக்கச் செய்யும் காட்சி இதிலிருந்தே பிறந்தது. முதற்கதைக்குச் செய்த கூடுகள் நான்கே. கூட்டமாகக் காட்டவேண்டிய இடங்களில் பின்னால் ஆளுயர நிழற்படங்களை நிறுத்தினர். டாலெக்கின் ஆயுதத்துக்குப் புகையும் நெருப்பும் தேவைப்படவில்லை. சுடும் கணத்தில் திரைப்படிமம் முழுவதும் கருமை வெண்மையாகவும் வெண்மை கருமையாகவும் மாறிற்று. அவ்வளவே.

1963 டிசம்பர் 21 அன்று ஒளிபரப்பான பகுதியின் இறுதியில் டாலெக் முழுமையாகத் தோன்றவில்லை. ரப்பர்க் கிண்ணம் பொருத்திய அக்கை மட்டும் முன்னே நீள, சுவரோடு ஒட்டிநின்று ஒரு பெண் அலறுகிறாள். எஞ்சியதைக் காண்போர் ஒரு வாரம் தம் மனத்தில் வரைந்துகொண்டிருந்தனர்.

ஒலிக்கூடத்தின் பங்களிப்பு

படத்தில் இயலாததை ஒலி நிறைவேற்றியது. 1958 ஆம் ஆண்டு தொடங்கிய பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒலிப்பட்டறை லண்டனின் மைடா வேல் பகுதியில் இருந்தது. தொடரின் முகப்பிசையை இயற்றியவர் ரான் கிரெய்னர். அதனை ஒலியாக்கியவர் கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்ற டெலியா டெர்பிஷயர். அவருக்குத் துணைநின்றவர் டிக் மில்ஸ். இசைக்கலைஞர் குழு இல்லை. இன்றுள்ள மின்னிசைப் பலகையும் இல்லை. மீட்டிய ஒற்றைக் கம்பியின் ஓசை, அலையியற்றிகளின் ஓசை, வெற்றிரைச்சல் ஆகியவற்றை நாடாவில் பதிந்து, ஒவ்வொரு சுரத்துக்கும் வேகத்தை மாற்றி, உரிய நீளத்துக்கு நாடாவை வெட்டி ஒட்டி அவ்விசையை உருவாக்கினர். அவர் பங்குக்கு உரிய மதிப்புக் கிடைக்கவேண்டும் என்று கிரெய்னர் விரும்பினார். நிறுவன நடைமுறை அதற்கு இடந்தரவில்லை. தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் பகுதியில், 2013 ஆம் ஆண்டிலேயே, டெர்பிஷயர் பெயர் திரையில் இடம்பெற்றது. அப்போது அவர் உயிரோடில்லை.

காலக்கலம் புறப்படும் ஓசையை அமைத்தவர் பிரையன் ஹாட்சன். பழைய பியானோ ஒன்றின் தடித்த கம்பிகளின்மேல் வீட்டுச் சாவியால் உரசி, அவ்வொலியை நாடாவில் மாற்றியமைத்தார். திரையில் நிகழ்வது ஒரு நீலப்பெட்டி மெல்ல மங்கி மறைவதே. இழுபட்டு மூச்சுவிடும் அவ்வோசை இல்லாவிடின் அது வெறும் படக்கலப்பு. ஓசை சேர்ந்தபின் அதுவே பயணம். முகப்புப் படிமங்களும் இவ்வாறே எளிமையானவை: படக்கருவியை அதன் படத்தையே காட்டும் திரைநோக்கித் திருப்பினால் படிமம் படிமத்தை விழுங்கிச் சுழலும். அச்சுழற்சியைக் கொண்டு பெர்னார்டு லாட்ஜ் முகப்பை அமைத்தார்.

குரலும் பெயரும்

மொழியியலார்க்குச் சுவை மிக்க பகுதி இதுவே. டாலெக்கின் குரல் நடிகரின் குரலை ரிங் மாடுலேட்டர் என்னும் கருவிவழிச் செலுத்திப் பெற்றது. தாழ்ந்த அதிர்வெண் உடைய அலையொன்றோடு குரலைப் பெருக்கும்போது இரண்டன் கூட்டலும் கழித்தலுமாகிய புதிய அதிர்வெண்கள் தோன்றும். குரல் உலோகத் தன்மை பெறும். கருவி செய்தது பாதி. மறுபாதியைச் செய்தவர் நடிகர். ஆங்கிலம் அழுத்தத்தால் இயங்கும் மொழி. அழுத்தம் பெறாத அசைகள் அதில் சுருங்கி ஒலிக்கும். டாலெக் பேச்சில் ஒவ்வோர் அசையும் ஏறத்தாழ ஒத்த நிறை பெற்றது. சொற்களும் இலக்கணமும் ஆங்கிலமே. சந்தம் மட்டும் அயலானது. கேட்ட குழந்தைகள் மறுநாளே பள்ளி முற்றத்தில் அதனைப் போலச் செய்யலாயினர். செலவில்லாமல் எவரும் செய்யக்கூடிய தந்திரம் அது.

1966 ஆம் ஆண்டு தோன்றிய சைபர்மென் என்னும் இனத்தார் உடலுறுப்புகளை ஒவ்வொன்றாக இயந்திரமாக்கிக்கொண்ட மனிதர். மருத்துவ ஆய்வாளர் கிட் பெட்லரும் தொடரின் கதைப் பதிப்பாளர் ஜெரி டேவிசும் படைத்தவர்கள். அவர்தம் முகம் வெறும் துணி. கைகள் ஒப்பனையில்லாத மனிதக் கைகள். நடிகர் வாயைத் திறந்தபடி நிற்க, வேறொருவர் பின்னிருந்து பேசினார். அப்பேச்சில் ஏற்ற இறக்கம் உண்டு. ஆனால் பொருளோடு பொருந்தாத இடங்களில் ஏறி இறங்கும். கருத்து விளங்குகிறது, கருதுபவன் அங்கு இல்லை என்னும் உணர்வு கேட்போர்க்கு உண்டாகிறது. ஒலியழுத்தத்தை இடம்மாற்றியதாலேயே உயிரின்மையை உணர்த்திய இவ்வுத்தியை மாணவர்க்கு எடுத்துக்காட்டத்தக்க பாடம் என்போம்.

பெயர்களும் அவ்வாறே. டாலெக் என்னும் சொல்லைக் கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றின் முதுகிலிருந்த எழுத்துகளைக் கண்டு அமைத்ததாக நேஷன் செய்தியாளரிடம் கூறினார். பின்னர் அது புனைந்துரைத்த கதையே என ஒப்புக்கொண்டார். செர்போ-குரோவாசிய மொழியில் அவ்வொலி ‘தொலைவிலுள்ள’ என்னும் பொருள் தருவது தற்செயல். வேர் இல்லாத அச்சொல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டது. காலக்கலத்தின் பெயராகிய டார்டிஸ் என்பதும் அங்கு உண்டு. வெளியே சிறிதாகத் தோன்றி உள்ளே விரிந்த வீட்டையோ பையையோ ஆங்கிலேயர் இன்று அப்பெயரால் குறிக்கின்றனர். மரத்தாலான ஒரு பெட்டி அழியாத உவமையாக மாறியது சிக்கனத்தின் பெரும்பேறு.

தோல்விகளும் பாடமும்

எல்லாம் வென்றன என்று கூறுதல் நேர்மையாகாது. 1974 ஆம் ஆண்டுக் கதையொன்றில் லண்டன் தெருக்களில் உலவிய டைனோசர்கள் பொம்மைகள் என்பது எவர்க்கும் தெரிந்தது. 1977 ஆம் ஆண்டின் பெரும் எலியும் நகைப்புக்கு இடமாயிற்று. அவ்வாண்டு அறிமுகமான கே-9 என்னும் இயந்திர நாய் மேட்டுநிலத்தில் நகர மறுத்தது. அதன் பொறியின் இரைச்சல் வசனத்தை மூழ்கடித்தது. மாறாக, 1975 ஆம் ஆண்டுக் கதையொன்றில் காற்றுக்குமிழி நெகிழித்தாளுக்குப் பச்சை வண்ணம் பூசி ஒருவர் கையில் சுற்றியபோது, அத்தாள் வீடுகளில் இன்னும் பரவாத காலமாதலின், அது பூச்சியாக மாறும் உடலாகவே தோன்றியது.

இவற்றை ஒப்புநோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். எலியை அனைவரும் கண்டுள்ளனர். டைனோசரை நூல்களில் கண்டுள்ளனர். ஒப்பிட முன்மாதிரி உண்டு; ஆகவே குறை தெரிகிறது. டாலெக்குக்கு முன்மாதிரி இல்லை. அது தவறாக இருத்தல் இயலாது. பொருளில்லாதார் உள்ளதைப் போலச் செய்ய முயன்ற இடத்தில் தோற்றனர். இல்லாததைப் புதிதாய்ப் படைத்த இடத்தில் வென்றனர்.

அழிந்த படமும் எஞ்சிய ஒலியும்

ஒளிநாடா விலையுயர்ந்தது, மீண்டும் பயன்படுத்தத்தக்கது. அதனால் 1960களின் பகுதிகள் பல பின்னாளில் அழிக்கப்பட்டன. வெளிநாடுகளுக்கு விற்பதற்கெனப் படச்சுருளில் எடுத்த படிகள் சில அங்கங்கே எஞ்சின. 1967 ஆம் ஆண்டின் சைபர்மென் கதையொன்றின் நான்கு பகுதிகளும் 1992 ஆம் ஆண்டு ஹாங்காங்கிலிருந்து மீண்டன. 2013 ஆம் ஆண்டு நைஜீரியாவிலிருந்து வேறு சில கிடைத்தமை அறிவிக்கப்பட்டது. ஆயினும் பல பகுதிகளின் படம் இன்றும் இல்லை.

வியப்பு யாதெனில், படம் அழிந்த அப்பகுதிகள் அனைத்துக்கும் ஒலி உண்டு. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியை வைத்துத் தம் வீட்டு நாடாவில் பதிந்துவைத்த இளைஞர் சிலரால் அவை காக்கப்பட்டன. நிறுவனம் அழித்ததை வீடு காத்தது. அவ்வொலியைக் கேட்போர்க்குக் கதை விளங்குகிறது, அச்சமும் உண்டாகிறது. அத்தொடரின் உலகம் சொல்லாலும் ஓசையாலுமே நிறுவப்பட்டது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

நிறைவுரை

இவ்வரலாறு நம்மிடம் ஒரு வினாவை எழுப்புகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ் வானொலி நாடகங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. காற்றில் ஒலித்த அந்நாடகங்களின் சொல்லாட்சி, அன்றைய பேச்சுநடை, ஒலிப்புமுறை ஆகியன மொழியாய்வுக்குக் கிடைத்தற்கரிய மூலங்கள். அவற்றைக் காக்கும் பொறுப்பை நிறுவனங்களின்மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் அமைதியுறலாகாது. வீட்டு அலமாரிகளில், பழைய பெட்டிகளில் ஒலிநாடாக்கள் இருப்பின் அவற்றை எடுத்துப் பாருங்கள். யார் பேசுகிறார், எந்த ஆண்டு என்பதைத் தாளில் குறித்து உடன் வையுங்கள். நாடாவுக்கும் ஆயுள் உண்டு. குரலை அடையாளம் காணும் முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியைச் செய்தல் வேண்டும்.

சாவி ஒன்றால் பியானோக் கம்பியை உரசிய ஓசை அறுபது ஆண்டு கடந்தும் ஒலிக்கிறது. நம் முன்னோர் குரல் அதனினும் குறைந்த மதிப்புடையதன்று.