லண்டனை நாற்பது வருஷம் ஏமாற்றிய மண்டை ஓடு: நம்ம முகம் வந்த கதை

1/
உங்க கீழ் உதட்டுக்குக் கீழே விரலை வச்சுப் பாருங்க. முன்னாடி துருத்திக்கிட்டு ஒரு எலும்பு தட்டுப்படுதா? அதுதான் மோவாய். சிம்பன்சிக்கு அது கிடையாது. நம்மைவிடக் குறையாத மூளை வச்சிருந்த நியாண்டர்தால் மனிதர்களுக்கும் இவ்வளவு எடுப்பா இருந்ததில்லை. இந்த முகம் எப்படி வந்துச்சு? அதுக்குள்ள ஒரு பெரிய மோசடிக் கதையும் இருக்கு.

2/
எம்பிபிஎஸ் முதல் வருஷம் அனாடமியில் மண்டை ஓட்டைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு துளைக்கும் பெயர் கேட்பாங்க. அதில் பெரியது ஃபோரமென் மேக்னம். மூளையிலிருந்து தண்டுவடம் இறங்கும் வழி. நாலு காலில் நடக்கும் விலங்குகளுக்கு இது மண்டையின் பின்பக்கம் தள்ளி இருக்கும். நமக்கு அடிப்பக்கம் நடுவில். நிமிர்ந்து நடக்கும்போது தலை கழுத்து மேல குடம் மாதிரி நிக்கணுமே! இந்தத் துளையை ஞாபகம் வச்சுக்கோங்க.

3/
1912 டிசம்பர், லண்டன். இங்கிலாந்தின் பில்ட்டவுன் என்ற ஊரில் கிடைச்சதா சில எலும்புத் துண்டுகளை அறிஞர்கள் முன்னாடி வைக்கிறாங்க சார்லஸ் டாசனும் ஆர்தர் ஸ்மித் உட்வர்டும். மண்டை மனுஷனுடையது மாதிரி பெருசு. தாடையோ குரங்குத் தாடை.

4/
பலர் மகிழ்ச்சியா ஏத்துக்கிட்டாங்க. ஏன்னா, "முதலில் மூளைதான் வளர்ந்திருக்கும், மத்ததெல்லாம் அப்புறம்" என்பது அன்றைய பெரிய தலைகள் பலரின் நம்பிக்கை. அதுவும் ஆதி மனிதன் இங்கிலாந்துக்காரன்னா கசக்குமா என்ன?

5/
1924, தென்னாப்பிரிக்கா. ஜோகன்னஸ்பர்க்கில் அனாடமி பேராசிரியர் ரேமண்ட் டார்ட், 31 வயசு. டாங் என்ற ஊரின் சுண்ணாம்புக் குவாரியிலிருந்து அவருக்குக் கல் வருது. ஒரு கல், மூளையின் அச்சு. இன்னொரு கல்லுக்குள்ள முகம். மனைவியின் பின்னல் ஊசியைக் கூராக்கி, வாரக்கணக்கில் பாறையைச் சுரண்டி எடுத்தார்.

6/
உள்ளே இருந்தது ஒரு குழந்தை. பால் பற்கள் முழுசா இருந்தது, நிரந்தரக் கடைவாய்ப்பல் அப்பத்தான் முளைக்குது. மூளை சின்னது. ஆனா கோரைப்பல்லும் சின்னது, முகமும் குரங்கு அளவுக்கு முன்னாடி நீளலை. முக்கியமா, அந்தத் துளை அடிப்பக்கம் முன்னாடி நகர்ந்திருந்தது. அப்படின்னா இது நிமிர்ந்து நடந்த உயிர்!

7/
1925 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் எழுதினார். பெயர் ஆஸ்ட்ரலோபித்தேகஸ் ஆஃப்ரிக்கானஸ். லண்டன் நம்பலை. "குட்டிக் குரங்கு முகம் எப்பவும் மனுஷ முகம் மாதிரிதான் இருக்கும்" என்றார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனா "பில்ட்டவுனோடு பொருந்தலையே" என்பதும் ஒரு பெரிய தடை.

8/
பிறகு ராபர்ட் புரூம் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த ஆட்களின் மண்டை ஓடுகளையே கண்டெடுத்தார். டார்ட்டைக் கடுமையா எதிர்த்த ஆர்தர் கீத், 1947-இல் "டார்ட் சொன்னதே சரி" என்று ஒப்புக்கொண்டார்.

9/
1953-இல் பில்ட்டவுன் குட்டு உடைந்தது. மண்டை மனுஷனுடையது. தாடை ஒராங்குட்டானுடையது. பல்லை அரத்தால் ராவி, எலும்புக்குச் சாயம் ஏத்தி, பழசு மாதிரி காட்டியிருக்காங்க. ராவின தடம் பல்லிலேயே இருந்தது. பார்க்கணும்னு நினைச்சுப் பார்த்தவங்க குறைவு.

10/
இன்னைக்குத் தெரிஞ்ச வரிசை இதுதான். முதலில் நடை. 32 லட்சம் வருஷத்துக்கு முன் எத்தியோப்பியாவில் வாழ்ந்த லூசி, சின்ன மூளையோடு நிமிர்ந்து நடந்தவள். அப்புறம் கல் கருவி, இறைச்சி, நெருப்பு என்று வர வர, மெல்லும் வேலை குறைஞ்சு பல்லும் தாடையும் சுருங்கின. மூளை பெருத்தது. முகம் நெற்றிக்கு அடியில் ஒதுங்கியது.

11/
கடைசியாத்தான் உருண்டைத் தலை. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகளுக்குச் சுமார் 3 லட்சம் வயசு. முகம் கிட்டத்தட்ட நம்ம முகம். மண்டை மட்டும் இன்னும் நீளவாக்கில்.

12/
தாடை சுருங்கினதுக்கு சாட்சி உங்க வாயிலேயே இருக்கலாம். ஞானப்பல் முளைக்க இடமில்லாம சாய்ஞ்சு வலிக்குதே, அதேதான். (வலி, வீக்கம் இருந்தா பல் டாக்டரைப் பாருங்க. கிராம்பை வச்சுக்கிட்டு நாள் கடத்தாதீங்க.)

13/
நான் இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. லண்டன்காரங்க முட்டாள்கள் இல்லை. அவங்க கேட்க ஆசைப்பட்டதை ஒரு எலும்பு சொன்னது, அதனால் சோதிக்காம விட்டாங்க. வாட்ஸ்அப்பில் நமக்குப் பிடிச்ச மருத்துவத் தகவல் வரும்போது நாமும் அதையேதான் செய்றோம். பிடிச்ச செய்தியைத்தான் இரண்டு தடவை சரிபார்க்கணும்.