ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே: இத்தாலியின் மலையூர்களில் எங்கே தங்குவது?

என்னிடம் படித்த ஒருவர் அப்பா அம்மாவை இத்தாலிக்கு அழைத்துப் போகிறார். ரோம், ஃப்ளாரன்ஸ் எல்லாம் முடிவாகிவிட்டது. நடுவில் ஆறு நாள் டஸ்கனி, உம்பிரியா பக்கத்து மலையூர்களுக்கு. "சார், எந்த ஊர்ல ரூம் போடலாம்? கார் எடுக்கலாமா, ரயில் போதுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி" என்று செய்தி அனுப்பியிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் வரலாறு நடத்தியவனுக்கு அது கைவராது. ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் அந்தப் பக்கம் பதினொரு நாள் சுற்றியவர்கள், அவளுக்கும் முழங்கால்தான். நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் படியுங்கள்.

மலையூர் என்றதும் ஊட்டி, கொடைக்கானலை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவை குளிர் தேடிப் போய்க் கட்டிய ஊர்கள் அல்ல. பெரும்பாலும் 300 முதல் 600 மீட்டர் உயரம். கீழே விளைநிலம், நடுவே ஒரு குன்று அல்லது பாறை, அதன் தலையில் மதில் சூழ்ந்த ஊர். ரயில் ஸ்டேஷன் மட்டும் கீழே, சில இடங்களில் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். டிக்கெட்டில் ஊர்ப் பெயர் இருக்கும். இறங்கிப் பார்த்தால் ஊர் ஆகாயத்தில் நிற்கும். தங்குமிடம் தேடும்போது எல்லோரும் ஹோட்டலின் நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான்: ஸ்டேஷனிலிருந்து கட்டிலுக்கு எப்படிப் போய்ச் சேருவது?

இந்த இடைவெளி ஏன் வந்தது என்று தெரிந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஏன் மேலே ஏறினார்கள்? பாதுகாப்புக்கு என்பது பாடப்புத்தகப் பதில். சரிதான். ரோமானியர்களுக்கு முந்தைய எட்ருஸ்கன் மக்களே இந்தக் குன்றுகளில் நகரம் கட்டியவர்கள். ஓர்வியேட்டோ பாறை மேல் இருந்த எட்ருஸ்கன் நகரை ரோமானியப் படை கி.மு. 264-ல் அழித்தது. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. பல இடங்களில் கீழே குடியிருக்கவே முடியாது.

கோர்டோனா ஒரு பக்கம், மோன்டேபுல்சியானோ எதிர்ப்பக்கம், நடுவில் கியானா பள்ளத்தாக்கு. இன்று சூரியகாந்தியும் கோதுமையுமாக இருக்கும் இந்தப் பூமி பல நூற்றாண்டுகள் சதுப்பு. கியானா ஆறு தெற்கே போய் டைபர் நதியின் வழியாக ரோமுக்குத் தண்ணீர் கொண்டுபோனது. கி.பி. 15-ல் ரோமில் வெள்ளம் வந்தபோது, இந்த ஆற்றை வடக்கே ஆர்னோ நதிப் பக்கம் திருப்பிவிடலாமா என்று செனட்டில் விவாதமே நடந்தது. "வேண்டாம், நாங்கள் மூழ்கிவிடுவோம்" என்று ஃப்ளாரன்ஸ்காரர்கள் ஆள் அனுப்பிக் கெஞ்சினார்கள். டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். திட்டம் கைவிடப்பட்டது. நதிநீர்ச் சண்டை எவ்வளவு பழையது பாருங்கள்!

பிறகு ஆற்றின் ஓட்டம் மந்தமாகிச் சேறு தங்கியது. கோடையில் காய்ச்சல். தாந்தே தன் நரகக் காண்டத்தில் வேதனைக்கு உவமை தேடும்போது, ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவே கியானா பள்ளத்தாக்கின் மருத்துவமனைகளைத்தான் சொல்கிறார். லியோனார்டோ டா வின்சி 1500-களின் தொடக்கத்தில் இந்தப் பள்ளத்தாக்கை வரைபடமாக வரைந்தார். அதில் நடுவில் நீளமாக ஏரி போல் தண்ணீர் நிற்கிறது. மலேரியா என்ற சொல்லே இத்தாலிய மொழிதான். கெட்ட காற்று என்று பொருள். கொசு என்று யாருக்குத் தெரியும்? நம் செகந்திராபாத்தில் உட்கார்ந்து ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டது 1897-ல். மனித மலேரியாவைப் பரப்புவது அனோஃபிலிஸ் கொசு என்று இத்தாலியில் கிராஸி காட்டியது 1898-ல். அதுவரை மக்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: கெட்ட காற்று எட்டாத உயரத்தில் வீடு கட்டுவது. காரணம் தவறு, செய்த காரியம் சரி.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விட்டோரியோ ஃபொசொம்புரோனி என்ற பொறியாளர் வந்தார். தண்ணீரை இறைத்து வெளியேற்றாமல், மழைக்கால ஓடைகளின் வண்டலைப் பள்ளங்களில் திருப்பிவிட்டுத் தங்க வைத்தார். ஆண்டுக்கணக்கில் மண் சேர்ந்து நிலமே உயர்ந்தது. ஆறு வடக்கே திரும்பி ஆர்னோவில் கலந்தது. ஃப்ளாரன்ஸ்காரர்கள் அன்று எதற்குப் பயந்தார்களோ அதேதான் நடந்தது; இந்த முறை அவர்களின் சொந்த அரசே செய்தது.

காய்ந்த பூமி, சமதளம். ரயில்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

இங்கேதான் உங்கள் பயணத் திட்டம் முடிவானது. 1849-லேயே சியெனாவுக்கு ரயில் வந்துவிட்டது; இத்தாலி என்ற நாடே அப்போது இல்லை. 1866 வாக்கில் ஃப்ளாரன்ஸிலிருந்து அரெட்சோ, பெருஜியா, ஃபொலிஞ்ஞோ வழியாக ரோம் பக்கம் போகும் பாதை முடிந்தது. அந்தக் காலத்தில் பெருஜியா பிரதான வழியில் இருந்த ஊர். 1875-ல் கியானா பள்ளத்தாக்கின் ஓரமாக டெரோன்டோலாவிலிருந்து கியூசிக்கு ஒரு சிறு துண்டுப் பாதை போட்டார்கள். அவ்வளவுதான். ஃப்ளாரன்ஸ் - ரோம் வண்டிகள் அரெட்சோ, கியூசி, ஓர்வியேட்டோ வழியாக நேராக ஓட ஆரம்பித்தன. சியெனா ஒரு பக்கமும் பெருஜியா மறுபக்கமும் கிளைப் பாதை ஊர்கள் ஆகிவிட்டன. இன்றும் அப்படித்தான். ரோமிலிருந்து சியெனாவுக்கு ரயிலில் போகிறேன் என்று கிளம்பி, வண்டி மாறும் ஸ்டேஷனில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவர்கள் 1875-இன் விளைவை அனுபவிக்கிறார்கள்.

பின்னர் அதிவேகப் பாதை வந்தது; 1977-ல் முதல் பகுதி, 1992-ல் முழுவதும். வேக வண்டிகள் பழைய பாதையை விட்டுப் போயின. நமக்கு அது நல்லதே. பழைய பாதையில் ஓடும் சாதாரண வண்டிகளுக்கு முன்பதிவு வேண்டாம், கட்டணமும் குறைவு. காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் உள்ள சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அபராதம்.

ஆக, ரயிலில் போவதானால் என் முதல் ஓட்டு ஓர்வியேட்டோவுக்கு. ஸ்டேஷன் வாசலைத் தாண்டி எதிர்ப்புறம் போனால் கயிறு இழுக்கும் ரயில். சில நிமிஷத்தில் பாறை உச்சி. 1888-ல் இதைத் தொடங்கியபோது மின்சாரம் இல்லை. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள். அந்தக் கனத்தில் அது இறங்கும்போது கீழே இருக்கும் பெட்டி மேலே ஏறும். 1970-ல் நிறுத்தி, 1990-ல் மின்சாரத்தில் மறுபடி ஓட விட்டார்கள். மேலே போனால் ஊர் கிட்டத்தட்டச் சமதளம். முழங்கால்காரர்களுக்கு இதைவிட நல்ல மலையூர் கிடையாது. ஒரே பாதையில் ஒரு பக்கம் ரோம், மறுபக்கம் கியூசி, கோர்டோனா, அரெட்சோ. கோர்டோனாவுக்கு மட்டும் கீழே கமூச்சியாவில் இறங்கி பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும்.

ஓர்வியேட்டோவை எனக்கு முன்பே ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். போப் ஏழாம் கிளெமென்ட். 1527-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியபோது மாதக்கணக்கில் கோட்டையில் அடைபட்டிருந்து, டிசம்பரில் மாறுவேஷத்தில் தப்பி இந்தப் பாறை மேல் வந்து சேர்ந்தார். எட்டாம் ஹென்றி தன் மனைவியை விலக்க அனுமதி கேட்டு அனுப்பிய தூதர்கள் 1528-ல் அவரைத் தேடி வந்ததும் இங்கேதான். முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. அதனால் வெட்டச் சொன்ன கிணறு இன்றும் இருக்கிறது. கயிற்று ரயிலை விட்டு இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே. 50 மீட்டருக்கு மேல் ஆழம். இரண்டு சுழல் படிவழிகள், ஒன்றை ஒன்று தொடாமல்: ஒன்றில் கழுதை இறங்கும், மற்றதில் தண்ணீரோடு ஏறும். ஒவ்வொன்றிலும் 248 படி. முடிந்தது 1537-ல், அதற்குள் கிளெமென்ட் இறந்துவிட்டார். முழங்கால் வலிக்காரர்கள் மேலிருந்து எட்டிப் பார்த்தால் போதும். என் மனைவி அப்படித்தான் செய்தாள். நான் இறங்கி ஏறி, மறுநாள் அவளைவிட மோசமாக நடந்தேன்.

அசிசி, ஸ்பொலேட்டோ இரண்டையும் பார்க்க வேண்டுமானால் ஓர்வியேட்டோ சுற்று வழி. அதற்குப் பெருஜியா. அசிசி ரயிலில் அரை மணிக்குள். அங்கேயும் ஸ்டேஷன் கீழேதான். வாசலிலிருந்து பஸ் உண்டு.

பெருஜியாவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்து ஊர் உச்சிக்கு மினிமெட்ரோ ஓடுகிறது. 2008-ல் வந்தது, ஓட்டுநர் இல்லாத குட்டிப் பெட்டி. ஆனால் ஒரு தடவையாவது பழைய நகரும் படிக்கட்டில் ஏறுங்கள். 1540-ல் போப் மூன்றாம் பால் உப்புக்கு வரி ஏற்றினார். பெருஜியா எதிர்த்தது. உப்புப் போர் என்றே அதற்குப் பெயர். போப்பின் படை ஊரை அடக்கியது; அதோடு நிற்காமல், ஊரை ஆண்ட பாலியோனி குடும்பத்தின் மாளிகைகள் இருந்த பகுதியை அப்படியே அஸ்திவாரமாக வைத்து மேலே ஒரு கோட்டை எழுப்பினார். தெருவும் வீடும் இருட்டுக்குள் போயின. 1860-ல் போப்பின் ஆட்சி போனதும் மக்கள் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். அடியில் புதைந்த தெரு மட்டும் மிஞ்சியது. 1983-ல் அதற்குள்ளேயே எஸ்கலேட்டர் வைத்தார்கள். காலையில் ஆபீஸ் போகிறவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் அந்தப் பழைய வீட்டு வாசல்களுக்கு நடுவே ஏறிப் போகிறார்கள். டிக்கெட் கிடையாது. தண்டி யாத்திரையை எத்தனையோ தடவை பாடம் நடத்திய எனக்கு அங்கே கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றியது.

சியெனா? அழகில் அதற்குத்தான் முதலிடம். 1348-ல் கொள்ளைநோய் வந்து பாதியில் நின்றுபோன பெரிய தேவாலயச் சுவரை அங்கே பார்த்துவிட்டு வந்தால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். அதற்காக இரண்டு இரவு தங்குங்கள். ஆனால் ரயிலில் சுற்றுவதற்கான இருப்பிடமாக வேண்டாம். ஃப்ளாரன்ஸிலிருந்து வர பஸ்ஸே வசதி. கோபுரங்கள் நிறைந்த சான் ஜிமிஞ்ஞானோவுக்கு ஸ்டேஷனே இல்லை. போஜ்ஜிபொன்சியில் இறங்கி பஸ். வோல்டெர்ராவுக்கு 1912-ல் பல்சக்கர ரயில் விட்டு 1958-ல் எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை எங்கேயும் நம்ப வேண்டாம்.

இந்த ஊர்களும் பியென்சா, மோன்டேபுல்சியானோவும்தான் முக்கியம் என்றால் கார்தான் சரி. கார் என்று முடிவு செய்தால் மலையூருக்குள் தங்காதீர்கள். வாசலிலேயே கேமரா. உள்ளூர்க்காரர் அல்லாத வண்டி நுழைந்தால் படம் எடுத்து, மாதங்கள் கழித்து அபராதம் இந்தியாவுக்கே வரும். சியெனா தன் மையப்பகுதியை 1960-களிலேயே கார்களுக்கு மூடிவிட்டது. மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். நீலக் கோடு கட்டணம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோட்டில் நிறுத்தவே கூடாது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்காமல் கிளம்ப வேண்டாம். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

காரில் போகிறவர்கள் தங்கவேண்டியது பள்ளத்தாக்கில், பண்ணை வீட்டில். படங்களில் பார்க்கும் சைப்ரஸ் மர வரிசை, நடுவில் தனியாக ஒரு கல் வீடு, அதுதான். அந்த வீடு ஏன் ஊரோடு சேராமல் வயல் நடுவே தனியாக நிற்கிறது? நம் பக்கம் வாரம் என்று சொல்வோமே, அதேதான். மெட்சாத்ரியா என்று பெயர். மெட்சா என்றால் பாதி. நிலமும் வீடும் முதலாளியுடையது. முதலாளி மேலே மலையூரில் இருப்பார். குடும்பம் முழுக்க வயல் நடுவே இருந்து உழைக்கும். விளைச்சலில் பாதி மேலே போகும். இது பல நூற்றாண்டு நடந்தது.

1964 செப்டம்பர் 15 தேதியிட்ட சட்டம், இனிப் புதிதாக இப்படி வாரத்துக்கு விடக்கூடாது என்றது. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரை நெடுஞ்சாலை முழுவதும் திறந்தது. அதுவும் கியானா பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகிறது. மூன்று வார இடைவெளியில் இரண்டு அறிவிப்புகள். போருக்குப் பிறகே தொழிற்சாலை வேலை தேடிக் கிளம்பியிருந்தார்கள். அதன் பிறகு மிச்சமிருந்தவர்களும் போனார்கள். வீடுகள் காலியாகின. கூரை இடிந்து கிடந்தவற்றை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கினார்கள். 1985-ல் வந்த சட்டம், விவசாயம் செய்கிறவர் தன் பண்ணையில் விருந்தினரைத் தங்கவைத்துச் சம்பாதிக்க வழி செய்தது. அக்ரிடூரிஸ்மோ என்ற பலகை அப்படித்தான் வந்தது. விவசாயம் முதலில், விடுதி அடுத்து என்பது சட்டத்தின் நிபந்தனை. ஆகவே நிஜமாகவே எண்ணெயும் திராட்சையும் எடுக்கிற பண்ணையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். காலை உணவிலேயே வித்தியாசம் தெரியும்.

இடம்? கோர்டோனாவுக்கும் மோன்டேபுல்சியானோவுக்கும் நடுவே எங்காவது. இரண்டு கரையும் பக்கம், நெடுஞ்சாலையும் பக்கம்.

பதிவு செய்யும்போது அறை மேல்தளமா, கீழ்த்தளமா என்று கேளுங்கள். பழைய வீடுகளில் குடும்பம் மேலே இருந்தது. ஏறுவதற்கு வெளிப்பக்கக் கல்படி, கைப்பிடி சரியாக இருக்காது. கீழ்த்தளத்தில் மாட்டுத் தொழுவம். இந்தப் பள்ளத்தாக்கின் பெயரையே வைத்துக்கொண்ட கியானினா என்ற பெரிய வெள்ளை மாடுகளை அங்கே கட்டுவார்கள்; குளிர்காலத்தில் அவற்றின் சூடு மேலே ஏறி வீட்டைக் கதகதப்பாக வைத்திருந்தது. நாங்கள் மூன்று இரவு தங்கிய அறை அப்படி ஒரு தொழுவம்தான். தீவனத் தொட்டி இருந்த இடத்தில் புத்தக அலமாரி வைத்திருந்தார்கள். தடித்த சுவர், ஜூன் வெயில் உள்ளே வரவில்லை, படி ஒன்றுகூட இல்லை.