கொழும்புப் பாடசாலைகளில் முதன்மை மாணவர் தெரிவு

கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பாடசாலைகளில் உயர்தர வகுப்பை முடித்து வெளியேறுவோரில் முதன்மையானவர் இரு வழிகளில் அடையாளம் காணப்படுகிறார். ஒன்று க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு. மற்றது பாடசாலை தன் பொறுப்பில் வழங்கும் விருது. அமெரிக்கப் பள்ளிகளைப் போல, பல ஆண்டு வகுப்புப் புள்ளிகளைக் கொண்டு ஒருவரைத் தெரிந்து விடைபெறும் விழாவில் உரையாற்றச் செய்யும் வழக்கம் இங்கில்லை.

பரீட்சையில் ஒப்பீட்டுக்கு அடிப்படை இசட் புள்ளி. பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்வைத்த இம்முறை 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படுகிறது. ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 20 என்று கொண்டால், 80 எடுத்தவரின் இசட் புள்ளி 2. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். கடினமான பாடத்தை எடுத்தவர் இதனால் பின்தள்ளப்படுவதில்லை. கணக்கு பிழைத்தால் விளைவு பெரிது: 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டப் பரீட்சார்த்திகளை ஒன்றாகச் சேர்த்துக் கணித்த புள்ளிகளை உயர்நீதிமன்றம் 2012இல் செல்லாதவையாக்கியது. தமிழர்களுக்கு இதற்கு முந்திய நினைவும் உண்டு. 1971இல் மொழிவாரியாக வெட்டுப்புள்ளி வகுத்தபோது, பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 பெறவேண்டியிருந்தது. சிங்கள மொழி மூலத்துக்கு 227 போதுமானதாயிற்று. இன்று எல்லா மொழிமூலத்தாரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

பெறுபேற்றுத் தாளில் மூன்று சித்திகளோடு இசட் புள்ளி, மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை ஆகியவை இருக்கும். அறிவிப்பு அங்கிருந்தே தொடங்குகிறது. அதிபருக்குத் தொலைபேசி அழைப்பு, சில நாட்களில் பாடசாலை மதிலில் 'மாவட்டத்தில் முதலிடம்' என்ற பதாகை, நாளிதழில் படம். அதே மாணவரின் படத்தை ரியூசன் நிலையமும் காலி வீதியில் தொங்கவிடும். இந்தப் புகழ்ப் பங்கீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களின் உழைப்பு மறைந்துபோவது அநீதி. பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையே மாதங்கள் கழிவதால், முதலிடம் பெற்றவர் அப்போது பாடசாலையின் பழைய மாணவராகிவிட்டிருப்பார். பரிசளிப்பு விழா வரும்போது அவர் மொறட்டுவையிலோ பேராதனையிலோ படித்துக்கொண்டிருக்கலாம். தாயோ தந்தையோ மேடையேறிப் பரிசை வாங்குவதும் உண்டு.

பாடசாலை விருதுகள் இவ்வரிசை எண்ணுக்கு மிக முந்தியவை. கொழும்பு ரோயல் கல்லூரியின் ரேணர் பரிசு, மகாவம்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜோர்ஜ் ரேணரின் பெயரால் அமைந்தது. பின்னாளில் இலங்கைச் சிவில் சேவையில் திறந்த போட்டிப் பரீட்சை வழியாக நுழைந்த முதல் இலங்கையரான பொன்னம்பலம் அருணாசலம், அக்கல்லூரி கொழும்பு அக்கடமியாக இருந்த காலத்தில் அப்பரிசை வென்றார். கல்கிசை புனித தோமையர் கல்லூரியில் விக்டோரியா தங்கப் பதக்கம் மிகச் சிறந்த மாணவருக்கு உரியது. 1866இல் கொள்ளுப்பிட்டியில் தொடங்கிய மெதடிஸ்த பெண்கள் கல்லூரி போன்றவற்றிலும் பரிசளிப்பு விழா ஆண்டின் முக்கிய நிகழ்வு. இத்தகைய பொது விருதுகளில் படிப்போடு விளையாட்டு, விவாதம், மாணவத் தலைமைப் பொறுப்பு ஆகியவற்றையும் கருத்திற்கொள்வர். மூன்று பாடங்களின் வினாத்தாள்கள் காட்டாத திறன்களை ஆசிரியர்கள் எடைபோடும் இடம் அதுவே.