1918: பம்பாயின் பணியிடங்களில் பரவிய காய்ச்சல்

1918ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், பம்பாய் நகரில் காவல்துறைச் சிப்பாய்கள் எழுவர் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் துறைமுகத்தில் பணியிலிருந்தவர். அது மலேரியாக் காய்ச்சல் அன்று என்பது மட்டுமே அப்போது தெரிந்தது. அடுத்த பத்து நாட்களுக்குள் ஒரு கப்பல் நிறுவனத்தின் ஊழியர்கள், அரசுக் கப்பல் தளத் தொழிலாளர்கள், துறைமுகக் கழகத்தார், ஹாங்காங் ஷாங்காய் வங்கிப் பணியாளர்கள், தந்தி அலுவலகத்தார், நாணயச் சாலைத் தொழிலாளர்கள், ராச்சேல் சசூன் பஞ்சாலையின் தொழிலாளர்கள் எனப் பலரும் அடுத்தடுத்துப் படுக்கையில் விழுந்தனர்.

இந்தப் பட்டியலைச் சற்றே கவனித்துப் பாருங்கள். இதில் எந்தத் தெருவின் பெயரும் இல்லை. எந்தக் குடும்பத்தின் பெயரும் இல்லை. அனைத்தும் வேலைத்தலங்கள். பிற்காலத்தில் 'ஸ்பானிஷ் காய்ச்சல்' என்று உலகம் அழைத்த அந்த இன்ஃபுளுயன்ஸா, பம்பாயில் நம் கண்ணுக்கு முதலில் தென்படுவதே மனிதர்கள் கூலிக்காகக் கூடிய இடங்களில்தான்.

மே மாத இறுதியில் துறைமுகத்திற்கு வந்த கப்பலொன்றே நோயைக் கொணர்ந்தது என்பது நகரச் சுகாதார அதிகாரி டர்னரின் கருத்து. இல்லை, கப்பலில் வந்தவர்களுக்குத்தான் பம்பாயில் நோய் தொற்றியது என்று அரசுத் தரப்பு மறுத்தது. யார்மேல் பழி என்ற வழக்கு எந்தக் காலத்திலும் நோயைவிட வேகமாகப் பரவக்கூடியது போலும்! மனிதரைத் தாக்கும் இன்ஃபுளுயன்ஸா வைரஸ் 1933ஆம் ஆண்டில்தான் அடையாளம் காணப்பட்டது. ஆகவே எதிரி யாரென்று அறியாமலேயே அன்றைய மருத்துவர்கள் போராடினார்கள். இன்று நாம் அறிந்த உண்மை ஒன்றை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை: இக்கிருமி உடலில் நுழைந்து ஓரிரு நாட்களில் காய்ச்சல் தோன்றும், ஆனால் காய்ச்சல் தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்னரே அம்மனிதரிடமிருந்து பிறருக்குப் பரவத் தொடங்கிவிடும்.

ஜூன் மாத அலை ஒப்பீட்டளவில் மென்மையானது. பெரும்பாலோர் சில நாட்களில் எழுந்து மீண்டும் வேலைக்குச் சென்றனர். செப்டம்பரில் நோய் திரும்பி வந்தபோது அதன் முகம் வேறாக இருந்தது. அக்டோபர் 6ஆம் நாள் ஒன்றில் மட்டும் பம்பாயில் 768 பேர் மாண்டனர். அவ்வாண்டு பருவமழை பொய்த்திருந்தது. தானிய விலை ஏறியிருந்தது. உடலில் வலுவில்லாதவர்களை நோய் எளிதில் வென்றது. இரயில் பாதைகள் வழியே அது நாடெங்கும் சென்றது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடியே இருபது இலட்சத்திற்குக் குறையாமல் இறந்தனர் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்டோர், அதாவது குடும்பத்திற்கு உழைத்துக் கொடுப்போர், பெருமளவில் மாண்டது இந்நோயின் தனிக் கொடுமை.

டர்னரின் அறிக்கையில் நம் உள்ளத்தை உலுக்கும் சில எண்கள் உள்ளன. பம்பாயில் வாழ்ந்த ஐரோப்பியரில் ஆயிரத்திற்கு 8.3 பேர் இறந்தனர். முஸ்லிம்களில் 19.2 பேர். தாழ்த்தப்பட்ட சாதியினர் என்று ஒதுக்கப்பட்டிருந்த இந்துக்களில் 61.6 பேர். நகரம் ஒன்றே, காற்று ஒன்றே, கிருமியும் ஒன்றே. நெருக்கமான ஒற்றையறைக் குடியிருப்பு, அரைவயிற்று உணவு, கவனிக்க ஆளில்லாமை ஆகியவையே இவ்வேற்றுமைக்குக் காரணம் என வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்து எண்ணுவது தகும் என நாம் கருதுகிறோம். வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லாத மனிதன் காய்ச்சலில் படுத்திருக்க இயலாது. அவன் எழுந்து போவான். அருகில் நிற்பவனுக்கும் கொடுத்துவிட்டு வருவான்.

அதே அக்டோபரில் நியூயார்க் நகரம் செய்ததைப் பாருங்கள். அதன் சுகாதார ஆணையர் ராயல் கோப்லண்ட் வேலைத்தலங்களை மூட உத்தரவிடவில்லை. கடைகள், அலுவலகங்கள், ஆலைகள் ஆகியவை வெவ்வேறு நேரங்களில் திறந்து வெவ்வேறு நேரங்களில் மூடவேண்டும் எனக் கால அட்டவணை வகுத்தார். சுரங்க இரயிலில் அனைவரும் ஒரே வேளையில் நெருக்கியடித்துச் செல்வதைத் தவிர்ப்பதே நோக்கம். எளிய ஏற்பாடு, செலவும் அதிகமில்லை. பிலடெல்ஃபியாவிலோ, செப்டம்பர் 28ஆம் நாள் போர்நிதிக்காக ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் கூடிய ஊர்வலத்தை நடத்திவிட்டு, பின்னர் அந்நகரம் தத்தளித்தது. அங்கே தொலைபேசி நிறுவனத்தில் இணைப்புக் கொடுக்கும் பணியாளர்கள் எண்ணூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வராமற்போகவே, அத்தியாவசியம் இல்லாத அழைப்புகளைத் தவிர்க்குமாறு பொதுமக்களிடம் விளம்பரம் மூலம் கெஞ்ச நேர்ந்தது. பணியாளர்கள் கூட்டமாக வராமற்போனால் வேலை எப்படி நடக்கும் என்பதை நோய் வந்தபின் யோசிப்பது எத்தகையது என்பதற்கு இது போதும்.

இவ்விடத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஒரு கட்டளை நம் நினைவுக்கு வருகிறது. நோயுற்ற ஒட்டகங்களை வைத்திருப்பவர், அவற்றை ஆரோக்கியமான ஒட்டகங்களை வைத்திருப்பவரிடம் கொண்டுசெல்ல வேண்டாம் என்பது அதன் கருத்து. அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. தொற்று என்பது இல்லை என்ற மற்றொரு அறிவிப்போடு இது மோதுகிறதே என மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். நோய் தன் சுய ஆற்றலால் பரவுவதில்லை, இறைநாட்டத்தாலேயே பரவுகிறது என்பது முதலாவதின் பொருள்; காரணங்களைப் பேணி நடப்பது இரண்டாவதின் பொருள் என்று இமாம்கள் இணக்கம் கண்டுள்ளனர். நாம் கவனிக்க விரும்புவது வேறு. இக்கட்டளை யாரை நோக்கியது? ஒட்டகத்தை நோக்கியதன்று, உரிமையாளரை நோக்கியது. பிரித்து வைக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளதோ அவரிடமே பொறுப்பும் வைக்கப்பட்டது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டிற்குப் புறப்பட்டு ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்தார்கள். முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் குறைஷி மூத்தோரையும் தனித்தனியே கலந்தாலோசித்துத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டதும், ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்று உமர் (ரலி) விடையளித்ததும் யாவரும் அறிந்ததே. ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) அம்வாஸ் கொள்ளைநோயில் அபூஉபைதா (ரலி) அவர்களும், அவர்களுக்குப்பின் முஆத் (ரலி) அவர்களும் மறைந்தனர். பொறுப்பேற்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைப்பகுதிகளுக்குக் கலைந்து செல்லப் பணித்ததாக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன.

இனி நம் கடைகளுக்கு வருவோம். காய்ச்சலால் வராத தொழிலாளிக்கு ஊதியம் கொடுப்பது கடமையா என்று வணிகம் செய்யும் பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி கடமையில்லை என்பதே கூலி ஒப்பந்தத்தில் ஃபிக்ஹின் பொது விதி. ஆனால் வேலைக்கு அமர்த்தும்போதே 'நோயுற்றால் ஆண்டுக்கு இத்தனை நாள் ஊதியத்துடன் விடுப்பு' என்று பேசி ஏற்றுக்கொண்டால், அது நிறைவேற்ற வேண்டிய நிபந்தனையாகிவிடுகிறது. முஸ்லிம்கள் தம் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லவா? நோய்க்கான முன்னேற்பாடு என்றதும் சோப்பும் முகக்கவசமும் வாங்கி அடுக்குகிறோம். அவையும் தேவையே. எனினும் இந்த ஒரு வாக்கியம் பேசப்படாத கடையில், இருமலை அடக்கிக்கொண்டு ஒருவர் கல்லாவுக்கு அருகில் நின்றுகொண்டுதான் இருப்பார்.

பம்பாயின் பேரிழப்புக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1948இல், நம் நாட்டில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. நாம் இ.எஸ்.ஐ. என்று அழைப்பது அதுவே. அதன் கீழ் காப்பீடு பெற்றவர் நோயுற்றால் ஊதியத்தில் 70 விழுக்காட்டை, ஆண்டுக்கு 91 நாள்வரை பெற வழியுண்டு. ஆனால் பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடங்கள் அதன் எல்லைக்குள் வருவதில்லை. நம் சமூகத்தவர் நடத்தும் துணிக்கடை, பாத்திரக்கடை, உணவகங்களில் எத்தனையில் பத்துப் பேர் இருக்கிறார்கள்? ஐந்து பேர் உள்ள கடையில் இருவர் படுத்தால் கணக்கு எழுதுபவர் யார், சாவி யாரிடம், சரக்கு எடுப்பவர் யார் என்பதை இன்றே பேசி, ஒருவர் வேலையை மற்றொருவர் கற்று வைப்பது நலம். உணவகமாயின் சமையலறையில் நிற்பவருக்கு முதலில் விடுப்பு கொடுங்கள்.

இன்னொரு கேள்வியும் வருவதுண்டு: விடுப்பில் இருக்கும் தொழிலாளிக்குக் கொடுக்கும் அந்த ஊதியத்தை ஜகாத்தில் கழித்துக்கொள்ளலாமா? கூடாது. ஒப்பந்தப்படி கொடுக்கவேண்டியது முதலாளியின்மேல் உள்ள கடன். கடனை ஜகாத்தால் அடைக்க இயலாது. அத்தொழிலாளி ஏழையாயிருந்து, ஊதியத்திற்குமேல் மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் தவித்தால், அதற்கு ஜகாத்திலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம்.