எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கடைத்தெரு

புதுச்சேரிக்கு வருகிற நண்பர்களுக்கு ஷாப்பிங் என்றால் நேரு வீதி, மிஷன் வீதி, மிஞ்சிப்போனால் பெரிய மார்க்கெட். அதோடு சரி. வடக்கே முத்தியால்பேட்டை என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. மணிக்கூண்டைத் தாண்டி இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் கோட்டக்குப்பம், அதாவது தமிழ்நாடு. நடந்தே மாநிலம் மாறிவிடலாம். இந்தக் கடைத்தெருவின் வரலாற்றில் பாதி அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

பேட்டை என்றாலே தொழிலும் வியாபாரமும் நடக்கிற குடியிருப்பு. (சென்னையிலும் ஒரு முத்தியால்பேட்டை உண்டு, பழைய கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதி.) இங்கே தறிதான் எல்லாம். 1674இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு வந்ததே துணிக்காகத்தான். பின்னாளில் இந்தப் பகுதியிலிருந்து நீலச்சாயம் தோய்த்த ‘கினே’ துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கே அதைக் கொடுத்துக் கருவேலம்பிசின் மாதிரியான ஒரு பிசினை வாங்கினார்கள். செனகல் நதிக்கரையில் அந்தத் துணி காசு மாதிரியே கை மாறியது. நம் பாடப்புத்தகங்களுக்கு டூப்ளே போட்ட சண்டைகள் போதும், துணி வேண்டாம்போல.

1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பாரதி உட்கார்ந்து பாடிய குயில் தோப்பும் இந்தப் பக்கம்தான். அது முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமி செட்டியாருடையது. ‘வெல்லச்சு’ என்று அவருக்கு ஒரு செல்லப்பெயர்.

அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சீமை, இந்தப் பக்கம் பிரெஞ்சு சீமை. ரூபாய்கூட இரண்டு. இங்கே இந்தோசீனா வங்கி அச்சடித்த நோட்டும் புழங்கியது. 1941இல் சுங்க ஒப்பந்தம் போட்டு எல்லையை லேசாக்கினார்கள். சுதந்திர இந்தியா 1949இல் அதை முடித்துக்கொண்டு சுங்கச் சாவடிகளைப் போட்டது. அதற்கு முந்தைய வருஷம்தான் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்திருந்தது. யோசித்துப் பாருங்க: ஒரே சாலை, ஒரே பாஷை, இரண்டு பக்கமும் சொந்தபந்தம். ஆனா ஒரு பக்கம் பாட்டில் குற்றம், இன்னொரு பக்கம் சரக்கு. கடத்தல் என்று அரசாங்கம் சொன்னதில் எவ்வளவு சாதாரணக் கொள்முதலாக இருந்திருக்கும் என்று எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம். மாமா வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது பையில் எதையாவது போட்டுக்கிட்டு வருவதை என்னவென்று சொல்வது?

1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் சேர்ந்தது. சாவடி போனது, வரி வித்தியாசம் போகவில்லை. விற்பனை வரி இங்கே குறைவு என்பதால் மிக்ஸி, ஃபிரிட்ஜ் வாங்கவெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த லாபமும் முடிந்தது. பெட்ரோலும் மதுவும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கின்றன.

அப்போ சின்னக் கடைகளுக்கு என்ன மிச்சம்? சூப்பர் மார்க்கெட்டில் கடுகு வேண்டுமென்றால் பாக்கெட்டாகத்தான் வாங்கணும். இங்கே, “அண்ணே, பத்து ரூபாய்க்குக் கடுகு, அப்படியே ஒரு தேங்காய் பத்தை” என்று கேட்கலாம். கூலி வாரக் கடைசியில் வருகிற வீட்டுக்கு அந்த அளவுதான் கட்டுப்படியாகும். மீதிக்கு நோட்டு இருக்கிறது. பேர், தேதி, தொகை எழுதி, அடைத்ததும் ஒரு கோடு இழுப்பார்கள். நூறு வருஷம் கழித்து இந்த ஊரின் வரலாற்றை எழுத வருகிறவனுக்குக் கவர்னர்களின் கடிதங்கள் ஆவணக்காப்பகத்தில் கிடைக்கும். பாக்கி நோட்டு தீர்ந்ததும் எடைக்குப் போய், வேறொரு கடையில் பொட்டலம் மடிக்கிற காகிதமாகிவிடுகிறது.