உருளையும் நீரும்: சப்பிரகமுவ இறப்பர்த் தொழிற்சாலைகள் பற்றிய ஒரு குறிப்பு

பெருந்தோட்ட வரலாறு பெரும்பாலும் நிலத்தின் வரலாறாகவும் ஏற்றுமதியின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. தொழிற்சாலையினுள் உழைப்போரின் தொழில்நுட்ப அறிவு அதில் இடம்பெறுவது அரிது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் கிரேப் இறப்பர் உற்பத்தியை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடைத்து என நாம் கருதுகிறோம்.

1876இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து இலங்கைக்கு வந்த இறப்பர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பெருந்தோட்டப் பயிராயிற்று. 1912இல் இரத்தினபுரியை எட்டிய களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை இப்பகுதியைக் கொழும்புடன் இணைத்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் அயற்கிராமங்களின் சிங்களத் தொழிலாளரும் இத்தோட்டங்களிற் பால் வெட்டினர்.

வெட்டிய பாலை அமிலமிட்டு உறையவைத்து, வெவ்வேறு வேகத்திற் சுழலும் இரும்பு உருளைகளிடையே பன்முறை செலுத்துவர். உராய்வினால் வெப்பம் பிறக்கும். எனவே மேலுள்ள துளைக்குழாயிலிருந்து உருளைகள்மீது நீர் இடையறாது விழவேண்டும். அந்நீர் வெப்பத்தைத் தணிப்பதோடு புரதம், சர்க்கரை முதலியவற்றையும் கழுவி அகற்றும். நீர் குறையின் இறப்பர் உருளையில் ஒட்டும், எஞ்சிய கழிவினாற் பூஞ்சணம் பிடிக்கும், நிறம் கெடும். நீர் மிகின், மழை குறைந்த தை, மாசி மாதங்களில் ஓடை நீர் வீணாகும். எண்ணெயின் நிலை இதற்கு நேர்மாறானது. உருளையின் தாங்கிகளுக்கு அது இன்றியமையாதது. ஆயினும் இறப்பரில் ஒரு துளியும் படலாகாது. வெண்கலத் தாங்கி தேய்ந்து உதிரும் செப்புத் துகள் எண்ணெயுடன் சேர்ந்து இறப்பரை அடையின், அது விரைவில் நைந்துபோகும்.

இவ்விரு ஓட்டங்களையும் அளவறிந்து நடத்தியது உருளையருகே நின்ற தொழிலாளியின் கண்ணும் கையுமே. எப்போது குழாயைத் திறப்பது, எவ்வளவு எண்ணெய் இடுவது என்பன அனுபவத்தால் அடைந்த அறிவு. அத்தகையோரைக் 'கூலி' என ஒரே சொல்லில் அடக்கியது தோட்ட நிருவாகம்.

இதன் அரசியற் பொருளையும் நாம் மறத்தலாகாது. 1952இல் சீனாவுடன் செய்யப்பட்ட இறப்பர்–அரிசி உடன்படிக்கை இலங்கைக்குச் சோறளித்தது. அவ்வேளை மலையகத் தமிழ்த் தொழிலாளருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராயிருந்தனர். பலருக்கு அந்நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை நீடித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. உடைமை கைமாறியதற்கு ஆவணங்கள் உண்டு. உருளையருகே நின்றோரின் அறிவு அவர்தம் நினைவிலேயே உள்ளது. முதிய தொழிலாளர் வாய்மொழியை இப்போதே திரட்டுதல் நம் ஆய்வாளரின் கடன். அவ்வறிவு பதிவாகும்வரை பெருந்தோட்ட வரலாறு முதலாளியின் கணக்கேடாகவே இருக்கும்.